சந்திரனுக்கு ஒரு சாக்கு மண்

மயிலாப்பூர் பஜார் ரோட்டை ஒட்டின ஒரு சந்தில் கல்யாண வரவேற்பு. பெண்ணும் பையனும் தாங்களே பார்த்துப் பிடித்துக்கொண்டவர்கள். பெண் வீட்டில் அப்பா மட்டும்தான் ஒத்துக்கொண்டார். சொந்தக்காரர்கள் எல்லாரும் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் பார்த்து ஒருத்தருக்குத் தலைவலி, ஒருத்தருக்குப் பல்வலி, ஒருத்தருக்கு போனே கிடைக்கவில்லை. சந்து நீளத்துக்கு ஷாமியானா போட்டு நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். முன்னால் கொஞ்சம் பேர். பின்னால் எல்லாம் காலி. பெண்ணின் அப்பா வாசலில் நின்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷாமியானா போட்டவர் ஷரஃபுதீன் பாய்.  கடைசி வரிசை நாற்காலிகளைச் சத்தம் வராமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு போனார். பிறகு அதற்கு முந்தின வரிசை. அப்புறம் பின்பக்கத்து ஓரத் துணியை அவிழ்த்துக்கொண்டு வந்து நடுவில் கட்டினார். பந்தல் பாதியாகிவிட்டது. பாதிப் பந்தலில் ஆள் நிறைந்துவிட்டது. இரண்டு பேர் உட்கார இடமில்லாமல் நிற்கக்கூட ஆரம்பித்தார்கள். பெண்ணின் அப்பா திரும்பிப் பார்த்து, "கூட்டம் வந்துடுச்சே" என்றார்.

"ஆமா சார், எடம் பத்தல. இன்னும் ரெண்டு சேர் எடுத்தாரட்டுமா?" என்றார் பாய்.

இன்றைக்கும் அந்த வீட்டு ஆல்பத்தில் ஜனம் நெரிகிற கல்யாணம்தான் இருக்கிறது. அன்றைக்கு மைக் செட் போட்டவன் நான். அதனால் எனக்குத் தெரியும்.

எங்கள் தொழிலில் ஷாமியானாவும் மைக் செட்டும் சேர்ந்தே போகும். கல்யாணம், காதுகுத்து, கோயில் கூழ், கட்சிக் கூட்டம், சாவு, எதுவானாலும் முதலில் போகிறவர் ஷாமியானாக்காரர், அடுத்தது நான். கிளம்பும்போதும் கடைசியில் நாங்கள்தான். சாப்பிட்டவர்கள் எல்லாம் போய், பூவெல்லாம் வாடி, வெறும் தெருவில் நாங்கள் இரண்டு பேர் நிற்போம். பாய்க்குக் கடை கச்சேரி ரோட்டுப் பக்கம், மகள் பெயரில் 'ஸஹானா சப்ளையர்ஸ்'. எனக்கு முண்டகக்கண்ணியம்மன் கோயில் பக்கம். அவர் தொழுகைக்குப் போனால் அவர் சாமானை நான் பார்த்துக்கொள்வேன். நான் அம்மனுக்கு விளக்கேற்றிவிட்டு வரும்வரை என் பெட்டியை அவர் பார்த்துக்கொள்வார். எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது என்றால் ஒரே விஷயத்துக்குத்தான். அது குழி.

சிமெண்ட் தரையில் பந்தல் போட்டால், பழைய பெயிண்ட் டின்னில் கட்டையை நிறுத்தி வைத்துவிடலாம். மண் தரையில் கடப்பாரையால் குழி தோண்டித்தான் சவுக்குக் கட்டையை நடவேண்டும். பந்தலைப் பிரித்ததும் மற்ற சப்ளையர்கள் கட்டையைப் பிடுங்கி வண்டியில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். பாய் போகமாட்டார். ஒவ்வொரு குழியாக மண்ணைத் தள்ளுவார். தோண்டின மண்ணைத் திரும்பப் போட்டால் குழி நிறையாது, எப்போதும் கொஞ்சம் குறையும். அது எங்கே போகிறதோ ஆண்டவனுக்குத்தான் தெரியும். அதற்காகவே தன் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஒரு சாக்கு மண்ணை எப்போதும் வைத்திருப்பார். அதிலிருந்து ஒரு முறம் போட்டு, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, குதிகாலால் மிதித்து, பிஸ்மில்லா சொல்லிவிட்டுத்தான் அடுத்த குழி.

"பாய், பசிக்குது பாய். தெருவுல இல்லாத பள்ளமா? கார்ப்பரேஷன்காரன் தோண்டினதே தோ ஆள் உயரத்துக்கு கீது" என்பேன்.

"அது அவன் கணக்கு. இது என் கணக்கு. நாம போனப்புறம் எவனாவது ஒருத்தன் இருட்டுல வருவான் மாசிலா."

"எவன்?"

"தெர்ல. அதான மூடறேன். தெரிஞ்சவனா இருந்தா போன் பண்ணி சொல்லிடுவேனே."

இப்படிப்பட்ட ஆள் சந்திரனைப் பற்றி நினைக்க ஆரம்பித்தது நம் நாட்டு விண்கலம் அங்கே இறங்கின அன்றைக்கு. தெருப் பையன்கள் பெரிய திரை கட்டி எல்லாரும் பார்க்கலாம் என்றார்கள். பாய் நாற்காலிகளைச் சும்மா கொடுத்தார். என்னிடம் இருந்து ஸ்பீக்கர். அந்த நாலு கால் பெட்டி மெதுவாக இறங்க இறங்க, தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் சாமியைக் கூப்பிட்டார்கள். பாய் உள்ளங்கை இரண்டையும் விரித்துக்கொண்டு நின்றார். இறங்கிவிட்டது. பையன்கள் பட்டாசு வெடித்தார்கள், மாமிகள் சர்க்கரை கொடுத்தார்கள். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதில் கேட்டார்.

"கால் பதிஞ்ச எடத்துல பள்ளம் ஆயிருக்குமா மாசிலா?"

அதற்கப்புறம் அவர் கையில் எப்போதும் போன்தான். மகள் ஸஹானா வேளச்சேரியில் கம்ப்யூட்டர் வேலை. அவள் வாங்கிக்கொடுத்த போனில் ராக்கெட் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினார். ஒரு நாள் பாபியை, அதாவது அவர் மனைவி அஸ்மத்துன்னிசாவை, பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், வடக்குத் திசையில் ராக்கெட் ஏறுவதைக் காட்டினார். ஒரு வெளிச்சப் பொட்டு மேகத்துக்குள் போய் மறைந்ததாம். அவ்வளவுதான். "இதுக்கா எனக்கு செருப்பெல்லாம் மண்ணாச்சு" என்று பாபி கேட்டார். பாய்க்கு அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. "நாலு பேர் சேர்ந்து ஒரு கட்டையைத் தூக்கறதுக்குள்ள நமக்கு மூச்சு வாங்குது. மனுஷன் அவ்ளோ பெரிய சாமான மேல ஏத்திட்டான் பாரு. அல்லா அவனுக்கு அறிவைக் குடுத்துக்கீறான்" என்று என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

சந்திரனில் போய் மனிதர்கள் தங்கப் போகிறார்கள், அப்புறம் செவ்வாய்க்கும் போவார்கள் என்று தெரிந்ததும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"மாசிலா, அங்க காத்து கெடயாது. ஷாமியானா பறக்காது. மழையும் கெடயாது. துணி நனையாது. எல்லாத்துக்கும் எடை ஆறுல ஒரு பங்குதானாம். நம்ம கடைப் பையன் அறிவு ஒருத்தனே தெரு நாற்காலி மொத்தத்தையும் தலையில தூக்கிகினு வந்துடுவான். நம்ம தொழிலுக்கு இதைவிட நல்ல எடம் உண்டா?"

"அப்ப நானும் வரேன் பாய்."

"உனக்கு அங்க பொழப்பு இல்ல. காத்து இல்லேன்னா சத்தமே போவாதாம். மைக் செட்ட கட்டிகினு இன்னா பண்ணுவ?"

இதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் என்னைக் கேலி செய்தார். அறிவு அவரிடம் வேலை பார்க்கிறவன், கடப்பாரை பிடிப்பதில் சூரன். "பாய், அங்க பேட்டா உண்டா?" என்று கேட்பான்.

சிரிப்பெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அவர் மனதில் ஒன்று முள்ளாக நின்றுவிட்டது. ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னார்.

"அங்க முதல்ல போறவன் கூடாரம் போடுவான். குழி தோண்டுவான். கழட்டும்போது மூடுவானா? யாராவது அவனுக்கு சொன்னாங்களா? ஆயிரம் வருசம் கழிச்சு அங்க ஒரு பொண்ணுக்குக் கல்யாணம் நடக்கும். அந்தக் கல்யாணத்துக்கு வர்ற ஆள் நம்ம குழியில காலை வெச்சுடக் கூடாது."

"ஆயிரம் வருசமா? பாய், நாளைக்கு லஸ்ல ஒரு ஆர்டர் கீது, அத்த பாரு."

"எனக்கு அங்க போக வயசு இல்ல. என் ஒரு வார்த்தை போகட்டும். ராக்கெட் ஆபீஸ் ஆள் ஒருத்தர் காதுல இத்த போட்டுட்டா என் பாரம் இறங்கிடும்."

யாரிடம் சொல்வது? மகளிடம் சொன்னார். அவள் வேலை பார்ப்பது காப்பீட்டுக் கம்பெனிக்காம். பள்ளிவாசலில் சொன்னார். நல்ல எண்ணம்தான், முதலில் செருப்பு வைக்கிற இடத்தில் இருக்கிற பள்ளத்தை மூடிக்கொடுங்கள் என்றார்கள். அதையும் மூடினார். பாபியிடம் சொன்னதற்குக் கிடைத்த பதிலை அவர் என்னிடம் சொல்லவே இல்லை.

அப்போதுதான் அந்த ஆர்டர் வந்தது. கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெரு, பழைய அடுக்குமாடி வீடு. வேதநாராயணன் என்று ஒருவருக்கு அறுபதாம் கல்யாணம். மண்டபம் வேண்டாம், வீட்டு வாசலிலேயே எளிமையாகப் போதும் என்று அவர் வீட்டு மாமி எனக்குப் போன் செய்தார். "மாமா ராக்கெட் ஆபீஸ்ல இருந்தார் மாசிலாமணி. கூட்டம்னா அவருக்கு ஆகாது. மைக் சின்னதா போடுங்கோ."

நான் பாயிடம் சொன்னேன். குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"ராக்கெட் ஆபீஸா?"

"ஆமா."

"அங்க மண்ணுத் தரையா, சிமெண்டா?"

"கேட்டுக்குள்ள சிமெண்டு. வெளிய தெருவோரம் மண்ணு."

"குழி தோண்டற எடம்" என்றார், பெரிய அதிர்ஷ்டம் வந்த மாதிரி.

பெட்டியைவிட்டு எடுக்காத புது ஷாமியானாவை எடுத்தார். வெள்ளைச் சீலிங் துணி, சிவப்புக் கார்பெட். கார்பெட் கிழிசலே இல்லாதது, அவர் கடையில் அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். காலையில் முகத்தை மழித்துக்கொண்டு, அத்தர் போட்டுக்கொண்டு, வெள்ளை ஜிப்பாவில் வந்து நின்றார். மாப்பிள்ளை யார் என்று வந்தவர்களுக்குக் கொஞ்சம் குழப்பமாகக்கூட இருந்திருக்கும்.

ஆனால் பேச எங்கே விட்டார்கள்? ஹோமம் நடக்கிற இடத்துக்குப் பாய் போகமாட்டார். அது மரியாதை. ஓரமாகக் கார்பெட்டின் நுனியில் காத்திருந்தார். ஒரு பக்கம் மந்திரம் சொல்கிற வாத்தியார், ஒரு பக்கம் போட்டோக்காரர், நடுவில் சொந்தக்காரர்கள். கலசத் தண்ணீரைக் குடம் குடமாகத் தலையில் ஊற்றி முடித்ததும், வேதநாராயணன் நடுங்கிக்கொண்டே வெயில் பக்கம் வந்து நின்றார். பாய் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு ஓடினார்.

"சார், சந்திரன்ல..."

"காபி சூடா இருக்கா?" என்றார் அவர், பல் கிட்டிக்கொண்டு. பாயைச் சமையல் ஆள் என்று நினைத்துவிட்டார்.

பாய் போய்க் காபி கொண்டுவந்தார். கொண்டுவருவதற்குள் அவரை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காபியைப் பாயே குடித்தார். "நல்லா கீது. ஆனா ஒரு வார்த்தைகூட பேச விடமாட்றாங்களே" என்று என்னிடம் சொன்னார்.

தாலி கட்டி முடிந்தது. ஆசீர்வாதத்துக்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி. நான் சாப்பிட உட்கார்ந்தேன். வாத்தியார் கையில் இருந்த ஒயர் இல்லாத மைக்கை, அவர் எழுந்துபோகும்போது, ஓரத்தில் அடுக்கியிருந்த நாற்காலிமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அணைக்கவில்லை. அந்த நாற்காலி அடுக்குக்குப் பின்னால், துணி மறைவில், பாயும் அறிவும். நான் சாம்பார் சாதத்தில் கை வைத்தேன். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி பாயின் குரல் வந்தது.

"சார், வணக்கம். நான் ஷாமியானா பாய்." கொஞ்சம் நிறுத்தம். "வேணாம். இவ்ளோ பெரிய ஆள் கிட்ட ஷாமியானான்னா சொல்றது." தொண்டையைக் கனைத்தார். "பெரியோர்களே, தாய்மார்களே... சே, எலெக்‌ஷன் மாதிரி கீது."

"நேரா மேட்டருக்கு வா பாய்" என்று அறிவின் குரல்.

"இர்றா. சார், நீங்க சந்திரன்ல கூடாரம் போடப் போறீங்களாம். போடுங்க. ரொம்ப சந்தோசம். ஆனா கழட்டும்போது குழியை மூடிட்டு வாங்க. அங்க ராத்திரின்னா பதினாலு நாள் ராத்திரியாமே. பின்னாடி வர்றவன் இருட்டுல வருவான்."

பந்தியில் இருந்தவர்கள் கையை இலைமேல் வைத்தபடியே ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். நான் எழுந்துவிட்டேன். ஆனால் வரிசை நெருக்கம், காலை எடுக்க வழியில்லை.

"நல்லா கீது பாய். அப்டியே சொல்லிடு" என்றான் அறிவு.

"எங்கடா சொல்றது? அந்த ஐயர் விட்டாத்தான? காலையிலேர்ந்து சொல்லிகினே கீறாரு. ஒரு மனுஷனுக்கு அறுபது வயசு ஆனதுக்கு இவ்ளோ நேரமா? ஊத்தின தண்ணியில என் புது கார்பெட் போச்சு. பாவம் அந்த சாரு, நனைஞ்ச கோழி மாதிரி நிக்கறாரு."

முதலில் சிரித்தவர் வாத்தியார். அப்புறம் மாமி. அப்புறம் மொத்தப் பந்தலும். நான் சாம்பார் கையோடு ஓடிப்போய் மைக்கை அணைத்தேன். சிரிப்புச் சத்தம் எதற்கு என்று பார்க்கப் பாய் துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். எல்லா முகமும் அவரையே பார்த்தது. என் கையில் மைக்கைப் பார்த்தார். மேலே கட்டியிருந்த ஸ்பீக்கரைப் பார்த்தார். புரிந்துவிட்டது. ஒரு சலாம் வைத்துவிட்டு, செருப்பைக்கூடத் தேடாமல், நேராகத் தெருவில் இறங்கி நடந்துபோய்விட்டார்.

வேதநாராயணன் எழுந்து, "அவரைக் கூப்பிடுங்கோ" என்றார். அதற்குள் ஆசீர்வாதத்துக்கு நேரமாகிவிட்டது என்று வாத்தியார் அவரை உட்கார வைத்துவிட்டார். நான் போன் செய்தேன். பாய் எடுக்கவில்லை.

பந்தலைப் பிரித்தது அறிவு. அதுதான் வினையாகப் போனது. இத்தனை வருஷத்தில் பாய் இல்லாமல் பிரித்த பந்தல் அது ஒன்றுதான். அறிவும் குழிகளை மூடத்தான் செய்தான். ஆனால் வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தைச் சாய்த்தபோது இலையெல்லாம் கிழக்கு மூலையில் விழுந்தது. இலைக்குக் கீழே ஒரு குழி இருந்ததை அவன் மறந்துவிட்டான்.

மறுநாள் விடிந்ததும் மாமியின் போன்.

"மாசிலாமணி, பால் வாங்கப் போன மாமா உங்க பாயோட குழியில விழுந்துட்டார். கணுக்கால் வீங்கிண்டிருக்கு."

அம்மா தாயே என்று சொல்லிக்கொண்டு பாய் வீட்டுக்கு ஓடினேன். பாய் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பாபி, "நேத்துலேர்ந்து இப்டித்தான் அண்ணா. மானம் போச்சுன்னு படுத்துனு கீறாரு. நானும் கேட்டுட்டேன், எந்த மானம், சந்திரன்ல வெச்சிருந்ததா?" என்றார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். பாய் எழுந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"வாழைமரத்துக்குப் பக்கத்துல, கிழக்கு மூலையா?"

"ஆமா பாய்."

 முகத்தைக் கழுவிக்கொண்டு மீன்பாடி வண்டியை எடுத்தார். வழியில் நிறுத்திப் பழம் வாங்கினார். அந்த வீட்டு வாசலுக்கு வந்ததும் நான் மாடிப்படி பக்கம் போனேன். அவர் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், சாக்கை இறக்கி, வாழை இலையைத் தள்ளிவிட்டு, குழிக்குள் மண்ணைப் போட்டுக்கொண்டிருக்கிறார். மாமி மேலே பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"விழுந்தவர் மேல இருக்கார் பாய். நீங்க குழியைப் பாத்துண்டு இருக்கேளே."

"அவரு விழுந்துட்டாரும்மா" என்றார் பாய், தலை நிமிராமல். "இன்னும் விழப்போறவங்க கீறாங்கல்ல. ஒரு நிமிஷம், தண்ணி கொஞ்சம் குடுங்க."

மாமி ஒரு சொம்பு தண்ணீரைக் கீழே அனுப்பினார்.

மேலே வேதநாராயணன் காலில் கட்டுப் போட்டு, காலை ஒரு முக்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். பாய் பழத்தை வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். மன்னிப்பு என்ற வார்த்தை வாயிலிருந்து வருவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"முப்பது வருஷத்துக்கு மேல ராக்கெட் பக்கத்துலயே இருந்தேன் பாய். ஒரு கீறல் கிடையாது" என்றார் அவர். "அறுபது முடிஞ்ச மறுநாள், பால் வாங்கப் போய் இது. உக்காருங்கோ."

"வேணாம் சார்."

"உக்காருங்கோன்னேன். நனைஞ்ச கோழி சொன்னா கேக்கப்படாதா?"

மாமி உள்ளே சிரிக்கிற சத்தம் கேட்டது. பாய் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"நேத்து பாதில போயிட்டேள். மைக்ல கேட்டது அரைகுறையா இருக்கு. மீதியைச் சொல்லுங்கோ."

"எனக்கு இன்னா யோக்கியதை சார். என் குழியையே மூடல."

"அதனாலதான் கேக்கறேன். நேத்து கேட்டப்போ எல்லாரோட சேர்ந்து நானும் சிரிச்சேன். இன்னிக்கு எனக்கு சிரிப்பு வரல" என்று காலைக் காட்டினார்.

பாய் என்னைப் பார்த்தார். சொல்லு என்று தலையை ஆட்டினேன். சொன்னார். ஆயிரம் வருஷம் கழித்து நடக்கப்போகிற கல்யாணத்தையும் விடாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் வேதநாராயணன் காலை முக்காலிமேல் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"அங்க காத்து மழை ஒண்ணும் கிடையாது. அம்பது வருஷத்துக்கு மேல ஆறது, முதல்ல போனவாளோட காலடி இன்னும் அப்படியே இருக்கும். அவா விட்டுட்டு வந்த மூட்டைகூட அங்கதான் இருக்கு."

"இன்னா மூட்டை சார்?"

வேதநாராயணன் சமையல்கட்டு பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பாத்ரூம் மூட்டை."

பாய் வாயைத் திறந்தவர் மூடவில்லை. "அவ்ளோ வருசமா எடுக்க ஒரு வண்டி அனுப்பலையா சார்?"

"காலங்காத்தால என்ன பேச்சு இது" என்று மாமி காபியோடு வந்தார். இந்தத் தடவை பாய்க்கு.

"நீங்க கொஞ்சம் எடுத்து சொல்லணும் சார்" என்றார் பாய். "உங்க வார்த்தைக்கு அங்க மதிப்பு இருக்கும்."

"நான் அங்க பெரிய ஆள் இல்லை பாய். வால்வு சரியா இருக்கான்னு பாக்கறதுதான் என் வேலை. அதுவும் போன மாசத்தோட ரிட்டயர் ஆயிட்டேன்."

பாயின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. இத்தனை பாடுபட்டு ஒருவர் காதைப் பிடித்தால், அந்தக் காது பென்ஷன் வாங்கிவிட்டது.

"ஆனா நான் பாத்து அனுப்பின வால்வு ஒண்ணு இப்பவும் மேல சுத்திண்டிருக்கு" என்றார் வேதநாராயணன். "நான் போனப்புறமும் சுத்தும். என் பேர் அதுல இல்லை. ஒழுங்கா வேலை செய்யற வரைக்கும் அது இருக்கறதே யாருக்கும் தெரியாது."

"என் குழியும் அப்டித்தான் சார்" என்றார் பாய் மெதுவாக. "நல்லா மூடினா இருந்த எடம் தெரியாது."

நாங்கள் கிளம்பும்போது வேதநாராயணன் சொன்னார். "அடுத்த வாரம் ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பசங்களுக்கு ஏதாவது பேசுன்னு கூப்பிட்டிருக்கா. கால் இருக்கற இருப்புல போகவேண்டாம்னு பாத்தேன். போறேன்."

அந்த ஒரு வாரம் பாயிடம் வேலை வாங்க முடியவில்லை. கட்டையைத் தூக்கினால் பாதியில் வைத்துவிடுவார். போயிருப்பாரா, சொல்லியிருப்பாரா என்று அறிவைக் கேட்பார், என்னைக் கேட்பார், வாடகைக்கு நாற்காலி எடுக்க வந்தவரையும் கேட்டார். "அவரு மறந்திருந்தா கூட பரவால்ல மாசிலா. சிரிச்சிட்டு விட்டுருக்கக் கூடாது" என்றார்.

வேதநாராயணன் தாமே கடைக்கு வந்தார், ஆட்டோவில், கையில் ஒரு தடி. பாய் ஓடிப்போய்க் கை வைத்த நாற்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டார்.

"சொன்னேன் பாய். கால்ல என்ன சார்னு அவாளே கேட்டா. அதுலேர்ந்து ஆரம்பிச்சு எல்லாம் சொன்னேன். நன்னா சிரிச்சா."

பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு பொண்ணு மட்டும் சிரிக்கல. சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆறது போலிருக்கு. பேச்சு முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் வந்து ஒண்ணு கேட்டா. சார், தோண்டின மண்ணைத் திரும்பப் போட்டா குழி ரொம்பாதே, குறையற மண்ணுக்கு அந்த பாய் என்ன பண்ணுவார்னு. எனக்கு பதில் தெரியல. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

பாய் எழுந்துவிட்டார். மீன்பாடி வண்டியண்டை போய் நின்று, அந்தச் சாக்கைத் தட்டினார்.  அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார். "அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிகீது மாசிலா. மண்ணு பத்தாதுன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிகீது."

அந்தப் பெண் யார், பெயர் என்ன, எங்கள் யாருக்கும் தெரியாது. அவள் அதை யாரிடம் சொன்னாளோ, சொல்லவில்லையோ. பாய் அதைப் பற்றி மறுபடி கவலைப்படவே இல்லை. வார்த்தை போய்ச் சேர்ந்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டார். அன்றைக்கு ராத்திரி இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டதாகப் பாபி சொன்னார்.

அடுத்த வருஷம் அவருக்கு நெஞ்சில் கோளாறு. ஆபரேஷன் செய்யவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது ஆடி மாசம். கோயிலில் கூழ் ஊற்றுகிற நாள், நான் வாசலில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அவர்கள் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே பாபி, பாய். மடியில் ஒரு பை. நான் ஒயர் இல்லாத மைக்கைக் கையில் பிடித்தபடியே ஓடினேன்.

"ஒண்ணும் ஆகாது பாய். அம்மன் கிட்ட சொல்லிகீறேன்."

"நல்லா சொல்லு. அவங்களும் வேலையா இருப்பாங்க, திருநாள் ஆச்சே" என்று சிரித்தார். முகம் ரொம்ப வாடியிருந்தது.

அவர் திரும்பி வரவில்லை. ராயப்பேட்டை கபரஸ்தானில் குழி ஓரத்தில் அவர் சொந்தக்காரர்களோடு நானும் நின்றேன். மருமகன் காஷிஃப் என் கையைப் பிடித்து முன்னால் கூட்டிக்கொண்டு போனார். என்ன செய்யவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவேண்டி இருக்கவில்லை. அன்றைக்கு ஆட்டோவிலேயே பாய் சொல்லிவிட்டிருந்தார். என் கையை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாபிக்குக் கேட்காத மாதிரி சொன்னார்.

"மாசிலா, எங்க ஆளுங்கள்ல ஆளுக்கு மூணு பிடி மண்ணு போடுவாங்க. நீயும் வந்து போடணும். இத்தினி வருசம் எல்லாக் குழியும் நானே மூடிட்டேன். இது ஒண்ணு என்னால ஆவாது."

"வாயைக் கழுவு பாய். போய்ட்டு வா."

"போறேன் இரு. மண்ணு பத்தலேன்னா என் வண்டியில சாக்கு கீது." ஆட்டோ நகர ஆரம்பித்தது. கோயில் வாசல் ஸ்பீக்கரிலிருந்து அவர் குரலே அவருக்குத் திரும்பக் கேட்டிருக்கவேண்டும். தலையை வெளியே நீட்டி, என் கையைப் பார்த்துச் சொன்னார். "வரும்போது அந்த மைக்க ஆஃப் பண்ணிட்டு வா."